மோட்டாரை நிறுத்திப்போட்டு வாங்க

டமார்!

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள் கலாமணி. ஒரு கால் செருப்பு கழன்றிருந்தது, மறு கால் செருப்பு கழலவில்லை. அப்படியே உள்ளே ஓடினாள். தோளில் தொங்கிய பை நிலையில் இடித்துக் கீழே விழுந்தது. அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முன்னறை முழுக்கப் புகை. வார்னிஷும் மீனும் சேர்ந்து தீய்ந்தது போல ஒரு நாற்றம். மேஜைமேல் கம்ப்யூட்டர் திரை இருண்டு கிடந்தது. பக்கத்தில் நின்ற பெட்டியின் முதுகுப்பக்கத்து ஓட்டைகளிலிருந்து சாம்பல் நிறப் புகை நெளிந்து நெளிந்து வந்தது. அப்பா பாலுசாமி சுவர் சுவிட்சை அணைத்திருந்தார். அணைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

“ஏனுங்கப்பா, உங்களுக்கு ஒண்ணுமில்லீங்களே? ஷாக் கீக் அடிச்சுதுங்களா?”

“எனக்கென்ன கண்ணு, கல்லாட்டம் நிக்கறேன்.” அவர் அவளைப் பார்க்காமல் பெட்டியையே பார்த்தார். “உன்ற சாமானைத்தான் சுட்டுப்போட்டேன்.”

கலாமணி ஜன்னலைத் திறந்துவிட்டாள். மின்விசிறியைப் போட்டாள். அது பேய் பிடித்த மாதிரி சுற்றியது. தெருவிளக்கும் பளீரென்று எரிந்தது. கரண்ட் இருக்கிறது, அதுவும் நல்ல கரண்ட்.

அதற்குள் வேலிப்பக்கமிருந்து குரல் வந்தது. பக்கத்துத் தோட்டத்து அரங்கசாமி, தலையில் கட்டிய துண்டோடு வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

“என்ன மச்சா, தீவாளி முன்னாடியே வந்திருச்சா? தோட்டத்து த்ரீ பேஸ் கரண்டு போயி என்ற மோட்டாரு நிக்குது, அதே நேரத்துல உன்ற ஊட்டுல குண்டு வெடிக்குது. நான் என்னமோ ஏதோன்னு ஓடியாறேன்!”

“ஒண்ணுமில்லீங்க மாமா. கம்ப்யூட்டரு.”

“கம்ப்யூட்டரா? அட, ஊர்ல இருக்கற மோட்டாரையெல்லாம் ரிப்பேரு பண்றவன் ஊட்டுலயே வெடிச்சுப் போச்சா? இதை நான் கடைவீதியில சொல்லாம உடுவனா?”

வழக்கமாக அரங்கசாமி ஒன்று சொன்னால் பாலுசாமி இரண்டு சொல்லுவார். இருவரும் சின்ன வயதுச் சேக்காளிகள். இன்றைக்கு அவர் வாயே திறக்கவில்லை. அரங்கசாமியின் சிரிப்பு பாதியில் நின்றது. கலாமணியை ஒரு பார்வை பார்த்தார். “செரி அம்மணி, பாத்துக்க” என்று வந்த வழியே போனார்.

கலாமணி பெட்டியைத் திருப்பினாள். பின்னால், மின்கம்பி செருகும் இடத்துக்குப் பக்கத்தில் விரல் நுனி அளவில் ஒரு சிவப்பு சுவிட்ச் உண்டு. 230 என்று தெரிய வேண்டிய இடத்தில், வெளிநாட்டுக் கரண்டுக்கான 115 என்று தெரிந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது.

“இதை நீங்க நகத்துனீங்களாப்பா?”

பாலுசாமி நாற்காலியில் உட்கார்ந்தார். சொல்லத் தொடங்கினார். கடைக்கு வருகிறவர்களிடம் மோட்டார் ஏன் எரிந்தது என்று சொல்லுவாரே, அதே குரல், அதே வரிசை. ஆனால் இந்தத் தடவை எரித்தவர் அவரே.

மாசி பிறந்ததிலிருந்து இந்தப் பக்கம் கரண்ட் மோசம். சிங்காநல்லூரைத் தாண்டிக் கிழக்கே வந்தால் தோட்டம் முழுக்கப் போர்வெல். எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடும்போது வீட்டுக்கு வந்து சேருவது நூற்றைம்பது வோல்ட் இருந்தால் அதிகம். குண்டு பல்பு பழுத்த எலுமிச்சை மாதிரி எரியும். கம்ப்யூட்டருக்கு வாங்கி வைத்த ஸ்டெபிலைசர் டக் டக்கென்று அடித்து அடித்துக் கரண்டை நிறுத்திவிடும். பாலுசாமி அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நேராகச் சுவரில் செருகினார். அப்போதும் பெட்டி கிளம்பவில்லை. அப்போதுதான் பின்னால் அந்தச் சிவப்பு சுவிட்ச் கண்ணில் பட்டிருக்கிறது.

முப்பது வருடமாக மோட்டார் காயில் சுற்றுகிற கை அது. வோல்டேஜ் குறைந்தால் அதற்கேற்ற குறைந்த இணைப்புக்கு மாற்றிக் கொடுப்பது அவருக்குத் தினசரி வேலை. 230, 115 என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் வேறு யோசனையே வரவில்லை. வருகிறது குறைந்த கரண்ட், அதனால் குறைந்த நம்பர். நகர்த்தினார். பெட்டி உடனே கிளம்பியது.

“நாலஞ்சு நாளா நல்லா ஓடுச்சு கண்ணு. நானே என்ற முதுகைத் தட்டிக்கிட்டேன். கம்பெனிக்காரனும் நம்மளை மாதிரி யோசிச்சுத்தான் வெச்சிருக்கான்னு நினைச்சேன். மோட்டாரெல்லாம் நின்னா கரண்டு ஏறும்னு சின்னப்புள்ளைக்குத் தெரியும். எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரத்துக்குள்ள கேட்டு முடிச்சு அணைச்சுப்போடுவேன். இன்னைக்கு… இன்னைக்கு இன்னொருக்கா கேக்கலாம்னு ஆசைப்பட்டுட்டேன்.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அதுக்குள்ள இருந்த குரலு போச்சே கண்ணு. எவ்வளவு சிரமப்பட்டு நீ செஞ்சு வெச்சது!”



அந்தக் குரலைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது, அப்பாவுக்குத் தெரியாது.

போன வருடம் சித்திரையில் அந்தக் கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்தது. காலேஜ் முடித்த பெண் வீட்டில் பழகிக்கொள்ளட்டும் என்று அப்பா வாங்கிக் கொடுத்தார். ஸ்பீக்கர், மைக் எல்லாம் சேர்ந்து வந்தது. அம்மா சென்னியம்மாள் அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். மறுநாள் கலாமணி மைக்கை அம்மாவின் வாயருகே நீட்டி, ஏதாவது பேசு என்றாள்.

“என்ற பேச்சை எதுக்குடி அதுக்குள்ள போடறே?” என்று அம்மா சிரித்தாள். அப்போது வெளியே தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது. அம்மா மைக்கை மறந்து ஜன்னல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். “ஏனுங்க! தொட்டி ரொம்பி வழியுதுங்க. மோட்டாரை நிறுத்திப்போட்டு வாங்க, சோறு ஆறிப்போகுது!”

அவ்வளவுதான் பதிந்தது. மூன்று பேரும் அதைத் திரும்பப் போட்டுக் கேட்டுச் சிரித்தார்கள்.

ஆவணியில் அம்மா போய்விட்டாள். மஞ்சள் காமாலை. படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை.

ஐப்பசியில் கலாமணி கம்ப்யூட்டரில் புதிதாக ஒன்றை ஏற்றப் பார்த்தாள். இடம் போதவில்லை. விண்டோஸ் திறக்கும்போதும் மூடும்போதும் டிங் டிங்கென்று அடிக்கிற ஒலி ஃபைல்கள் ஏகப்பட்டவை இருந்தன. வேண்டாத சத்தம் எதற்கு என்று, படிப்பில் கற்றுக்கொண்ட கெட்டிக்காரத்தனத்தில் ஒரே வரி கட்டளை அடித்து அத்தனை ஒலி ஃபைலையும் மொத்தமாக அழித்தாள். அந்தக் குப்பைக்கு நடுவிலேதான் அம்மாவும் இருந்தாள். அன்றைக்கு ஃபைலைச் சேமிக்கும்போது எங்கே போய் உட்காருகிறது என்று அவள் பார்க்கவே இல்லை.

அழித்ததுகூட அப்போது தெரியவில்லை. கார்த்திகையில் ஒரு நாள் அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“கண்ணு, அன்னைக்கு உங்கம்மா பேசுனதைப் புடிச்சு வெச்சியே, அது இருக்குதா?”

“இருக்குதுங்கப்பா. நாளைக்குப் போட்டுக் காட்டறேன்” என்றாள். தேடினாள். இல்லை. எங்கே போனது என்று யோசித்தபோது அந்த ஒற்றை வரி ஞாபகம் வந்தது. மீட்டெடுக்கத் தெரிந்த வித்தையெல்லாம் செய்து பார்த்தாள். மேலே வேறு எதையெதையோ ஏற்றியாகிவிட்டது. வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அம்மாவை எரித்த அன்று அழுததைவிட அதிகமாக அழுதாள். அன்றைக்கு யார்மேலும் குற்றம் இல்லை.

மறுநாள் அப்பா கடைக்குப் போனதும் அவள் மைக்கைக் கையில் எடுத்தாள்.

அவளுக்கு அம்மாவின் குரல் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொல்லுவார்கள். போனில் அரங்கசாமி மாமாவே பலமுறை ஏமாந்திருக்கிறார். கார்த்திகை மழையில் மூக்கடைப்பு வேறு. அதுவும் ஒரு விதத்தில் நல்லதுதான், அம்மாவின் குரல் கொஞ்சம் கட்டை. பின்னால் வாளியில் தண்ணீரைத் திறந்துவிட்டு, ‘என்ற பேச்சை எதுக்குடி’ என்று ஆரம்பித்து, ‘சோறு ஆறிப்போகுது’ வரைக்கும் பேசி முடித்தாள். திரையில் ஒரு படத்தின்மேல் இரண்டு தடவை அழுத்தினால் பேசுகிற மாதிரி வைத்துக் கொடுத்தாள்.

ஒரு பயம் மட்டும் இருந்தது. பாலுசாமி காதாலேயே வேலை பார்க்கிறவர். மோட்டாரைத் திறக்காமலே, தலையைச் சாய்த்துக் கேட்டு, ‘அக்கட்ட பேரிங் போச்சுங்க’ என்று சொல்லுகிறவர். அந்தக் காதை ஏமாற்ற முடியுமா?

அன்று அவர் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்டார். கேட்டு முடித்தும் கண்ணைத் திறக்கவில்லை. பிறகு, “இன்னொருக்கா போடு கண்ணு” என்றார். அவ்வளவுதான். துக்கம் காதையும் மந்தமாக்கிவிடும் போலிருக்கிறது என்று கலாமணி நினைத்துக்கொண்டாள்.

தை மாதம் உடுமலைப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கம்ப்யூட்டர் டீச்சர் வேலை கிடைத்தது. அங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்கினாள். சனிக்கிழமை சனிக்கிழமை வீட்டுக்கு வருவாள். அப்பா தினமும் சாயங்காலம் கடையிலிருந்து வந்து, குளித்துவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். மவுஸை ஸ்டார்ட்டர் பட்டனை அமுக்குகிற மாதிரி பலமாக அமுக்குவார். ‘மோட்டாரை நிறுத்திப்போட்டு வாங்க, சோறு ஆறிப்போகுது’ என்று குரல் வரும். எழுந்து போய்ச் சாப்பிடுவார். பக்கத்துத் தோட்டத்து பாவாத்தாள் அத்தைதான் இதை அவளிடம் சொன்னது. அரங்கசாமியின் மனைவி. இரண்டு வேளைச் சோறு அங்கிருந்துதான் போசிப் பாத்திரத்தில் போகிறது.

அந்தக் குரலை ஒரு பிரதி எடுத்து ஃபிளாப்பியில் வைத்திருக்கலாம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அவள் தினமும் சொல்லுவது அதைத்தான். ஆனால் ஒரு பொய்யை இரண்டு இடத்தில் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

இப்போது அந்த ஒரு இடமும் புகைந்து கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை பாலுசாமி சாப்பிட உட்காரவில்லை. ‘அப்பறம்’ என்றார். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் மோட்டாரோடு வண்டியில் வந்தபோது, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, “வேற ஆளைப் பாருங்க. எனக்கு இப்ப கை சரியில்ல” என்று திருப்பி அனுப்பினார். கலாமணி சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா ஒரு மோட்டாரைத் திருப்பி அனுப்பி அவள் பார்த்ததே இல்லை.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, பெட்டியைப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் வைத்து சிங்காநல்லூருக்குக் கொண்டுபோனாள். அவளோடு படித்த மெஹராஜ் அங்கே ஒரு மாடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தாள். பெட்டியைத் திறந்து, மூக்கைச் சுருக்கி, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தாள்.

“சிவப்பு சுவிட்சா?”

“ம்.”

“நீயா, அப்பாவா?”

“அப்பா.”

“நல்லவேளை. நீயின்னா உன்ற சர்டிபிகேட்டைப் புடுங்கியிருப்பேன்.” மெஹராஜ் ஸ்க்ரூ டிரைவரைத் திருகியபடியே பேசினாள். “வெக்கப்பட வேண்டாம்னு சொல்லு புள்ள. இங்க வாறதெல்லாம் பெரிய பெரிய ஆளுதான். ஒரு மில்லு மேனேஜரு, ஃபிளாப்பி தொலையக்கூடாதுன்னு காந்தம் வெச்சு பீரோவுல ஒட்டி வெச்சிருக்காரு. தேங்கா மண்டிக்காரர் ஒருத்தரு கீபோர்டைச் சீயக்காத் தேச்சுக் கழுவி, கொப்பரையோட சேத்து வெயில்ல காயப்போட்டுக் கொண்டாந்தாரு. ஒரு வாத்தியாரு ஒரே சந்துல ரெண்டு ஃபிளாப்பியைத் திணிச்சுட்டு, ‘இன்னும் ஒண்ணு போவும் போலிருக்குதுங்க’ங்கறாரு. உங்கப்பாவாச்சும் காரணத்தோட செஞ்சாரு.”

கலாமணிக்குச் சிரிப்பு வரவில்லை. மெஹராஜ் சிறிய பெட்டி போன்ற ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, தன் கம்ப்யூட்டரில் மாட்டி, காதருகே வைத்துப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

“சுத்தவே மாட்டேங்குது. போர்டு போச்சு, டிஸ்க்கும் போச்சு. முக்கியமா ஏதாச்சும் இருந்துச்சா?”

கலாமணி சொன்னாள். சித்திரையில் பதிந்ததை, ஐப்பசியில் அழித்ததை, கார்த்திகையில் தான் பேசியதை, எல்லாம். சொல்லச் சொல்ல அவள் குரல் குறைந்துகொண்டே போனது. யாரிடமும் சொல்லாதது அது.

மெஹராஜ் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள்.

“உங்கப்பாகிட்டச் சொல்லிரு.”

“எப்படிச் சொல்ல? இப்ப அவரு, அம்மா குரலைத் தானே சுட்டுப்போட்டோம்னு சோறு திங்காம உக்காந்திருக்காரு. நீங்க சுடலீங்க, நான் அஞ்சு மாசம் முன்னாடியே அழிச்சுட்டேன்னு சொன்னா அவரு பாரம் எறங்கும். செரி. ஆனா இத்தனை மாசமா தினமும் யாரு கூப்பிட்டுச் சாப்பிடப் போனாரு? அதையும் நான் புடுங்கிக்கணும். அம்மா இன்னொருக்கா செத்த மாதிரி ஆயிரும் மெஹராஜ்.”

“சொல்லாம உட்டா?”

“பழி அவரு தலைமேலயே கெடக்கும்.”

கீழே தெருவில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது.  பிறகு மெஹராஜ், “போர்டு, டிஸ்க்கு எல்லாம் புதுசு போடணும். சனிக்கெழமை வா. அதுக்குள்ள நீயே ஒரு முடிவு பண்ணிக்க” என்றாள்.

உடுமலைக்குப் போன பிறகும் கலாமணிக்கு முடிவு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு சிறுமி, “டீச்சர், அழிச்சது திரும்ப வருமா?” என்று கேட்டாள். கலாமணி பலகையில் எழுதுவதை நிறுத்தினாள். “சிலது வரும்” என்றாள். டஸ்டரைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள்.

வியாழக்கிழமை போஸ்டாபீஸ் பக்கத்துப் போன் கடையிலிருந்து அரங்கசாமி வீட்டுக்குப் பேசினாள். பாவாத்தாள் எடுத்தாள்.

“அத்தைங்களா? கலாமணிங்க. அப்பா எப்படியிருக்காருங்க?”

“என்னத்தைச் சொல்ல அம்மணி. போசியில சோறு குடுத்து உட்டா போசி அப்படியே திரும்பி வருது. கடையும் தொறக்கல. உங்க மாமன் போயி வம்பு இழுத்துப் பாத்தாரு, ஒண்ணுக்கும் அசையல. சாயங்காலமானா அந்த மேசை முன்னால போயி உக்காந்துக்கறாரு. மேசையில ஒண்ணுமே இல்ல. வெறும் மேசை.”

“நாஞ் சனிக்கெழமை வாரேனுங்க அத்தை. கொஞ்சம் பாத்துக்குங்க.”

போனை வைத்துவிட்டு அவள் அங்கேயே நின்றாள். பின்னால் காத்திருந்தவர், “ஏனுங்க, முடிஞ்சுதுங்களா?” என்று கேட்டபோதுதான் விலகி வழி விட்டாள்.

சனிக்கிழமை மதியமே சிங்காநல்லூர் வந்துவிட்டாள். மெஹராஜ் பெட்டியைத் தயார் பண்ணி வைத்திருந்தாள். அந்தச் சிவப்பு சுவிட்சை 230-ல் நிறுத்தி, மேலே இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தாள்.

“முடிவு பண்ணியா?”

“மைக் இருக்குதா?”

மெஹராஜ் தலையை ஆட்டினாள். பின்னறையில் மைக்கை மாட்டிக்கொடுத்து, கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

கலாமணி முதலில் அம்மா மாதிரி பேசிப் பார்த்தாள். ‘என்ற பேச்சை எதுக்குடி’ என்று ஆரம்பித்தாள். திரும்பப் போட்டுக் கேட்டபோது யாரோ நாடகத்தில் பேசுகிற மாதிரி இருந்தது. மறுபடியும் பேசினாள். அதுவும் ஒட்டவில்லை. போன தடவை மூக்கடைப்பு இருந்தது, இந்தத் தடவை அதுவும் இல்லை. அம்மா ‘ஏனுங்க’ என்பதை எந்த இடத்தில் இழுப்பாள்? இழுப்பாளா, வெட்டுவாளா? யோசிக்க யோசிக்க அம்மாவின் குரலே ஞாபகத்தில் நழுவியது. அவளுக்குப் பயம் வந்தது. குரலை ஒருமுறை டிஸ்கிலிருந்து அழித்தாகிவிட்டது. இப்போது காதிலிருந்தும் போய்க்கொண்டிருக்கிறதா?

மைக்கைக் கீழே வைத்துவிட்டாள்.

வெறும் மேஜை முன்னால் உட்கார்ந்திருக்கிற அப்பா கண்ணில் வந்தார். பாவாத்தாள் அத்தையின் போசி பக்கத்தில் மூடியபடியே இருக்கிறது. சோறு ஆறுகிறது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எத்தனை நாளாக இப்படி? உடம்பு என்னத்துக்கு ஆகும்? பட்டினி கிடந்து யாருக்கு என்ன லாபம்?

அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. மைக்கை எடுத்தாள். அம்மாவை நினைக்கவில்லை. அப்பாவைத்தான் கூப்பிட்டாள்.

பேசி முடித்ததும் திரும்பப் போட்டுக் கேட்கவில்லை. அப்படியே சேமித்தாள். எங்கே போய் உட்காருகிறது என்று இந்தத் தடவை இரண்டு முறை பார்த்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. ஆட்டோ சத்தம் கேட்டு அரங்கசாமி ஓடி வந்து பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார். “வெடிக்காதே? நான் போயி மோட்டாரை நிறுத்தாம இருக்கட்டுமா?” என்றார். யாரும் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் வெளியே போய் நின்றுகொண்டார்.

பாலுசாமி இளைத்திருந்தார். தாடி முள்ளாக வளர்ந்திருந்தது. மகளைப் பார்த்ததும் எழுந்தார். ஓரமாகக் கிடந்த ஸ்டெபிலைசரை அவரே துடைத்து எடுத்து வந்தார். அதைத் திறந்து உள்ளே காயிலைப் பிரித்துத் திரும்பச் சுற்றியிருக்கிறார் என்று பார்த்தாலே தெரிந்தது. குறைந்த கரண்டிலும் நிற்கும்படி செய்திருந்தார். கடையைத் திறக்காத கை இதை மட்டும் செய்திருக்கிறது.

“இதுல மாட்டு கண்ணு. இனி அந்தச் சுவிட்சுக்கிட்ட நான் போக மாட்டேன்.”

“அதுமேல டேப் ஒட்டியாச்சுங்கப்பா.”

“ஒட்டுனது நல்லது.” அவர் சிறிது நேரம் பெட்டியைத் தடவினார். பிறகு கேட்டார். “அது… இருக்குதா?”

கலாமணி ஆட்டோவில் வரும் வழியெல்லாம் இந்தக் கேள்விக்குத்தான் பதில் சேர்த்துக்கொண்டு வந்தாள். வாய்வரை உண்மை வந்தது. அப்பாவின் கழுத்து எலும்பு சட்டைக்கு வெளியே துருத்திக்கொண்டு தெரிந்தது. பதில் மாறிப் போனது.

“இருக்குதுங்கப்பா. டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகலீங்க.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். சற்று நேரம் பார்த்தார். “செரி, போடு” என்றார்.

கம்ப்யூட்டர் கிளம்பியது. பாலுசாமி மவுஸை வாங்கித் தானே அமுக்கினார். பலமாக, இரண்டு தடவை.

“ஏனுங்க! மோட்டாரை நிறுத்திப்போட்டு வாங்க. சோறு ஆறிப்போகுது!”

‘என்ற பேச்சை எதுக்குடி’ இல்லை. தொட்டி வழிகிறது என்ற பேச்சு இல்லை. சிரிப்பும் இல்லை. அவசரத்தில், கோபத்தில், அவள் அதையெல்லாம் விட்டுவிட்டாள் என்று கலாமணிக்கு இப்போதுதான் உறைத்தது.  ‘கொஞ்சம் அழிஞ்சு போச்சுங்கப்பா’ என்று சொல்ல வாயெடுத்தாள்.

அப்பா கையைத் தூக்கி அவளை நிறுத்தினார். கண்ணை மூடி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்திருந்தார். மறுபடியும் அமுக்கினார். மறுபடியும் குரல் கூப்பிட்டது. தூரத்தில் அரங்கசாமியின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவர் நெற்றிச் சுருக்கம் மெல்ல மெல்ல அவிழ்ந்தது.

அவர் எழுந்தார். கம்ப்யூட்டரை அவளே அணைக்கட்டும் என்று விட்டுவிட்டுப் பின்பக்கம் போய்க் கைகால் கழுவினார். அடுக்களையில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கலாமணி அவசர அவசரமாகத் தட்டை வைத்து, பாவாத்தாள் அனுப்பிய சோற்றைப் போட்டு, பருப்பை ஊற்றினாள். ஒரு கரண்டி தரையில் சிந்தியது. அதைத் துடைக்கிற சாக்கில் குனிந்தே இருந்தாள்.

பாலுசாமி பிசைந்து முதல் வாய் எடுத்தார். மென்று விழுங்கினார். இரண்டாவது வாய் எடுக்கும்போது, தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

“போன தடவை பேசறப்ப உனக்கு மூக்கடைப்பு, கண்ணு. இந்தத் தடவை உங்கம்மா மாதிரியே கூப்பிட்டுப்போட்டே.”